குதிரைத் தலையைப் பிடிக்கப் போன கதை

இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் போட்டோவை முதலில் பாருங்கள். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்குக் கீழே உளுந்து அளவுக்கு ஒரு ரோஸ் கலர் புள்ளி. "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். இவ்வளவுதான்.

டிசம்பரில் சுவர்ப் பத்திரிகைக் கூட்டம் நடந்தபோது, "ஜனவரி இதழுக்குக் குதிரைத் தலை நெபுலாவை நானே போட்டோ எடுத்துக் கொண்டு வருகிறேன்" என்று எழுந்து நின்று சொன்னேன். பிசிக்ஸ் சார் சந்தோஷப்பட்டு அரை சார்ட்டை எனக்கு ஒதுக்கிவிட்டார். அந்த நெபுலா மேல் எனக்கு ஒரு ஆசை. 1888-இல் அதை முதலில் ஒரு கண்ணாடித் தகட்டுப் படத்தில் கவனித்தவர் வில்லியமினா ஃபிளெமிங் என்ற பெண். ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர், பிறகு அந்த வானாய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். படித்ததிலிருந்து அதை நானும் பார்த்தே ஆகணும் என்று இருந்தது.

பொங்கல் லீவில், தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி, ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் சின்னப் பாட்டி வீட்டுக்குப் போனோம். சின்னப் பாட்டி என்றால் அம்மாவுக்குச் சித்தி. கூட வந்தது என் மாமா. மாமா ஸ்டுடியோ வைத்திருக்கிறார், கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுப்பார். கேமரா அவருடையது, 50 எம்.எம். லென்ஸும் அவருடையது. அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் திறந்து, வைணு பாப்பு பெயர் வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடியை வைக்கும் அளவுக்கு இருட்டான மலை என்றால் எங்களுக்குப் போதாதா? வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் மட்டும் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

தெருவிளக்குக்குத் தப்பி, சாமை அடிக்கிற களத்தில் ஸ்டாண்டை நிறுத்தினோம். நம் ஊரில் பத்து மணிக்கு ஓரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. கேமராவை அண்ணாந்து வைத்துவிட்டு, அதற்குள் பார்க்க மாமா களத்திலேயே மல்லாந்து படுத்துவிட்டார். பூமி சுற்றுவதால் ஐந்து செகண்டுக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். அதனால் ஐந்து ஐந்து செகண்டாக 240 படம் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது என்று திட்டம். மொத்தம் இருபது நிமிட வெளிச்சம். (1880-இல் ஹென்றி டிரேப்பர் என்ற டாக்டர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் போட்டோ எடுத்தபோது 51 நிமிடம் ஒரே மூச்சாகத் திறந்து வைத்தாராம். அவரிடம் வானத்தோடு கூடவே திரும்பும் தொலைநோக்கி இருந்தது. எங்களிடம் மாமா இருந்தார்.)

முதல் அறுபது படம் வீண். லென்ஸ் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பினால் தூரத்துக்கு ஃபோகஸ் ஆகும் என்று நினைத்தோம். அது தாண்டிப் போய்விடுகிறது! பிறகு ரீகல் நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும்வரை மெல்லத் திருப்பினோம். அடுத்து பனி. லென்ஸ் மேல் பூத்துப் பூத்து வந்தது. பாட்டி ஒரு சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து, துண்டில் சுற்றி லென்ஸ் ஓரமாகப் பிடிக்கச் சொன்னார். வேலை செய்தது.

பாட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, மூணுக்குக் கீழ புகையாட்டம் கீதே, அதையா எடுக்கிறீங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1350 ஒளியாண்டு தூரம். பாட்டிக்கு வெறும் கண்ணில் தெரிகிறது.

ஆனால் புகையாட்டம்தான் தெரியும், சிவப்பாகத் தெரியாது. அங்கே இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். உள்ளே இருக்கும் சூடான நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர் அந்த அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. எலக்ட்ரான் திரும்பி வந்து சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது 656.3 நானோமீட்டரில் சிவப்பு ஒளி வருகிறது. இப்படித் தானே ஒளி விடுவதால்தான் உமிழ் நெபுலா என்று பெயர். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் நம் கண் செல்களுக்கு இந்தச் சிவப்பு எட்டாது.

சரி, கேமராவுக்குத் தெரியும்தானே என்று நினைத்தேன். திரும்பி வந்து ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் 180 படத்தையும் சேர்த்தோம். ஓரியன் நெபுலா வந்தது. குதிரைத் தலை இருக்க வேண்டிய இடத்தில், இடைவாரின் கிழக்கு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், வெறும் கருப்பு. தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது அந்த ஆழ்ந்த சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மாமா சொன்னார், "மணப்பொண்ணு முகம் செவந்துடக் கூடாதுன்னு வச்சிருக்கான்மா." குதிரைத் தலை என்பதோ ஒளி விடுகிற பொருளே இல்லை. அது கருந்தூசி. பின்னால் இருக்கும் சிவப்புத் திரையில்தான் அதன் உருவம் தெரியும். திரை விழவில்லை என்றால் குதிரையும் இல்லை.

"கலரை ஏத்திடவா? ஆல்பத்துல ஏத்தாததா?" என்று மாமா கேட்டார். இல்லாத இடத்தில் ஏத்தினால் எதுவும் வராது, வெறும் கருப்பு சிவப்பாகும், அவ்வளவுதான்.

அப்புறம் நான் ஒரு வேலை செய்தேன். இன்டர்நெட்டிலிருந்து ஒரு குதிரைத் தலை படத்தை இறக்கி, மாமாவுக்குத் தெரியாமல் பிரிண்ட் போட்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் அதை என் தோழியிடம் காட்டினேன். "நீயா எடுத்த?" என்றாள். "ஆமாம்" என்றேன். அவள் அதை மடியில் வைத்து, கை படாமல், ஸ்கூல் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். "பாட்டியும் பார்த்தாங்களாடி?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அந்த பிரிண்ட் இன்னும் என் கணக்கு நோட்டில்தான் இருக்கிறது. அவளிடம் நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. இன்றைக்கு இங்கே நின்று மற்றவர்களோடு சேர்ந்துதான் அவளும் இதைப் படிப்பாள். அடியேய், இந்த உளுந்துதான் நான் எடுத்தது. உற்றுப் பார்த்தால் நட்சத்திரங்கள் லேசாக நீண்டிருக்கும்.

மாசி அமாவாசைக்கும் ஓரியன் இருக்கும், கொஞ்சம் சீக்கிரமே உச்சிக்கு வந்துவிடும். மாமாவுக்கு முகூர்த்த ஆர்டர் இல்லையென்றால் போவோம். அவள் வருகிறேன் என்றால் வெந்நீர்ச் சொம்பு பிடிக்க ஆள் தேவை.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி