சத்தம் போடுற வரைக்கும் பயமில்லே!

மெரினாவில் ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணலில் நடக்கவே நமக்கு மூச்சு வாங்கும். அதே மணல் 65 கிலோமீட்டர் நீளத்துக்கு, சராசரியா 8 கிலோமீட்டர் அகலத்துக்கு, சில இடங்களில் 300 அடி உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தா எப்படி இருக்கும்? கடல் மட்டும் மிஸ்ஸிங்!

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையைத் தொட்டுக்கிட்டு இருக்கு இந்த இடம். அரசாங்க போர்டில் 'இம்பீரியல் சேண்ட் டியூன்ஸ்'னு எழுதியிருக்கும். ஆனா வர்றவங்க யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்லை. எல்லோருக்கும் இது 'கிளாமிஸ்'தான். அது ரயில் தண்டவாளத்தை ஒட்டின ஒரு குட்டி இடம். ஊருன்னு சொன்னா ஊருங்களே கோவிச்சுக்கும்!

சான் டியாகோவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தேன். "கடற்கரை, மிருகக்காட்சி சாலை எல்லாம் அப்புறம். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நான் வேற கோயில் காட்டறேன் வா மாப்ளே"ன்னு மாமா காரைக் கிளப்பினார். எட்டாம் நம்பர் நெடுஞ்சாலையில் கிழக்கே போனா, முதல்ல பாறையைக் குவிச்சு வெச்ச மாதிரி மலை. அதைத் தாண்டி சர்ருன்னு இறங்கினா, கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற பள்ளத்தாக்கு. கொலராடோ ஆத்துத் தண்ணியைக் கால்வாயில் கொண்டுவந்து பாலைவனத்தில் கீரையும் கோசும் விளைவிக்கிறாங்க. பிராலி என்கிற ஊரில் டேங்க்கை நிரப்பிக்கிட்டு, 78-ம் நம்பர் ரோட்டில் இன்னும் நாற்பது கிலோமீட்டர். பச்சை தீர்ந்து, வெறும் புதராகி, திடீர்னு எதிரே மணல் சுவர்!

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் இங்கே சீஸன். வெயில் காலத்தில் 43 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும், ஆள் இருக்காது. சீஸனில் பஸ் சைஸ் வண்டிகளில் குடும்பம் குடும்பமா வந்து கூடாரம் அடிச்சு, பின்கதவைத் திறந்தா, உள்ளேயிருந்து இறங்கும் குவாட்! நாலு சக்கர பைக்தாங்க. ஹேண்டில்பார் உண்டு. ஆக்ஸிலரேட்டரை முறுக்கக் கூடாது, கட்டை விரலால் அமுக்கணும். பின்னால் எட்டடிக் கம்பத்தில் ஒரு கொடி. ரொமான்ஸுக்கு இல்லை பாஸ், மேட்டுக்கு அந்தப் பக்கம் வர்றவனுக்கு நீங்க இருக்கிறது தெரியணுமே!

இருக்கிற மேட்டிலெல்லாம் பேர் பெற்றது 'ஓல்ட்ஸ்மொபைல் ஹில்'. சாயங்காலம் ஆனா அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு இரண்டா மேலே சீறும். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலே என்ன இன்ஜின்னு சொல்லிடலாம். தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கத்தினா யமஹா பேன்ஷீ. 1987-லிருந்து 2006 மாடல் வரைக்கும் அமெரிக்காவில் வித்த டூ ஸ்ட்ரோக். 347 சிசி, இரண்டு சிலிண்டர், 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக். எங்கேயோ கேட்ட நம்பரா இருக்கா? நம்ம ஊரில் 1980-களில் வந்த ராஜ்தூத் 350 இருக்கே, அதுக்கும் இதே 64, இதே 54! இது தண்ணியில் குளிரும், அது காத்தில் குளிரும். மத்தபடி பங்காளிங்கதான்.

அடுத்த சத்தம் கொஞ்சம் அடித்தொண்டையில் ஆரம்பிச்சு, ஏறிக்கிட்டே போய், 'இதுக்கு மேல முடியாது'ன்னு நீங்க நினைக்கும்போது இன்னும் ஒரு படி ஏறும். அதுதான் 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். யமஹா ஒய்.எஃப்.ஸெட். 450-யும், ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 450 ஆரும் 2004-ல் வந்துச்சு. 2006-ல் சுஸுகி, 2008-ல் கவாஸகி. நாலு பேரும் மோதிக்கிட்ட பொற்காலம் அது. நாலும் மோட்டோகிராஸ் பைக் இன்ஜின்களின் ரத்த சொந்தம்.

இப்போ ஒரு குட்டிக் கணக்கு. கொட்டாவி விடாதீங்க, ப்ளீஸ்!

இன்ஜின் பவர்னா டார்க்கும் சுழற்சியும் பெருக்கின தொகை. ரேஸ் விதி 450 சிசிக்கு மேல போகாதேன்னு கையைக் கட்டிட்டா, டார்க்கைப் பெரிசா கூட்ட முடியாது. மிச்சம் இருக்கிற ஒரே வழி, வேகமா சுத்து! இப்போதைய ஒய்.எஃப்.ஸெட். 450 ஆர் இன்ஜினில் பிஸ்டன் 95 மி.மீ. அகலம். ஆனா மேலும் கீழும் ஓடறது வெறும் 63.4 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு சாஸர் தட்டு குதிக்கிற மாதிரி. பழைய புல்லட் 350-ல் இது தலைகீழ், 70 மி.மீ. அகலம், 90 மி.மீ. ஓட்டம்.

10,000 ஆர்.பி.எம்.மில் இந்த 450-ன் பிஸ்டன் சராசரியா செகண்டுக்கு 21 மீட்டர் ஓடுது. புல்லட்டை அதே 10,000-ல் சுத்தவிட்டா 30 மீட்டர் ஆகும். அதாவது, பிஸ்டன் ஜன்னல் வழியா வெளியே வந்துடும்! ஸ்ட்ரோக்கைக் குறைச்சதாலதான் 450 தப்பிக்குது.

ஆனா முழுசா தப்பிக்கலை. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு யமஹா ராப்டர் 700 நின்னுச்சு. 102 மி.மீ. அகலம், 84 மி.மீ. ஓட்டம், 686 சிசி, ஒத்தை சிலிண்டர். இது 7,500-ல் சுத்தினாலே அந்த 21 மீட்டர் வந்துடும். அப்போ ரெண்டும் சமம்தானே? இல்லை. 450-ன் பிஸ்டன் ஒரு செகண்டுக்கு 333 தடவை நின்னு, திரும்பி, மறுபடி ஓடணும். ராப்டரில் 250 தடவைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் கனெக்டிங் ராடை இழுக்கிற அந்த வெட்டு இருக்கே, அது சுழற்சியின் வர்க்கத்தோட ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டன் ஓடற வேகம் ஒண்ணுதான், ஆனா முடுக்கம் 450-ல் மூணில் ஒரு பங்கு அதிகம். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல மூவாயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேல! ஹாஸ்டல் ஃபேனில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

இதையும் தாங்குதுன்னா காரணம், வால்வு டைட்டானியம். மூணு இன்டேக், ரெண்டு எக்ஸாஸ்ட், ஆக அஞ்சு. இரும்பைவிட நாற்பது சதவீதம் எடை குறைவு. கனமா இருந்தா இந்த வேகத்துக்கு ஸ்பிரிங்கால் வால்வைத் திரும்ப மூட முடியாது, பிஸ்டன் வந்து முத்தம் கொடுத்துடும். அப்புறம் எல்லாமே ஸ்க்ராப். ஆனா டைட்டானியம் இயற்கையில் தேயற ஜாதி. மேலே மெல்லிசா ஒரு கடினப் பூச்சு, அதுதான் கவசம். அந்தப் பூச்சுக்கு எதிரி என்ன தெரியுமா? நீங்க நின்னுக்கிட்டு இருக்கிற மணல்!

மோட்டோகிராஸ் டிராக்கில் ஓட்டறவர் ஆக்ஸிலரேட்டரை அமுக்கி அமுக்கி விடுவார். கிளாமிஸில் அப்படி இல்லை. பின் டயரில் துடுப்பு மாதிரி பட்டை போட்டிருப்பாங்க. மணல் ஒரு பக்கம் பிடிச்சு இழுக்க, அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் கட்டை விரலை எடுக்கவே முடியாது. மோட்டோகிராஸ் பைக்கைவிட ரொம்ப கனமான வண்டியை இழுத்துக்கிட்டு, முழு மூச்சில் மேல ஏறணும். காத்தில் மிதக்கிற தூசி ஏர் ஃபில்டரில் துளி இடுக்கு கிடைச்சாலும் உள்ளே போய், வால்வு உட்கார்ற சீட்டில் உப்புத்தாளா தேய்க்கும்.

இங்கேதான் நம்ம ஊர் மெக்கானிக் ஷெட் அறிவு கவுந்துடும். 'டேப்பெட் சத்தம் வருது'ன்னா என்ன பண்ணுவோம்? அட்ஜஸ்ட் பண்ணுவோம். கிளியரன்ஸ் ஜாஸ்தியானா 'டிக் டிக்'னு சத்தம் வரும், காதே சொல்லிடும். இந்த இன்ஜினில் நடக்கிறது நேர் எதிர். சீட் தேய, வால்வு மேல ஏற, கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி குறைஞ்சுக்கிட்டே போகும். இன்டேக்கில் இருக்க வேண்டியதே 0.10-லிருந்து 0.15 மி.மீ.தான், ஒரு பேப்பர் தாள் அளவு. அது குறையக் குறைய சத்தம் வராது. சொல்லப்போனா இன்ஜின் இன்னும் அமைதியாகும்! கடைசியில் வால்வு முழுசா மூடாது. மூடினாத்தானே சீட் வழியா சூடு இறங்கும்? இறங்காம, எரிஞ்ச வாயு இடுக்கில் பீறிட்டு, வால்வு கருகும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு அறிகுறி, வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். நாம பேட்டரியைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படிச்சது இல்லை. மாமாவுக்கு ஒரு பழைய 450 மேல கண்ணு. விக்கிறவர் கூடாரத்திலேயே இருந்தார். "இப்பத்தான் டாப் எண்ட் வேலை பார்த்தது"ன்னு சொன்னார் (உலகம் பூரா செகண்ட் ஹேண்ட் வசனம் ஒண்ணுதான் போல!). ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். தையல் மிஷின் மாதிரி அவ்வளவு நைஸான சத்தம். மாமா பர்ஸைத் தொட்டுட்டார். அப்போ ராப்டர்காரர், எழுபதைத் தொடற பெரியவர், "ஆறட்டும், நான் பார்க்கிறேன்"னு ஃபீலர் கேஜோட வந்து உட்கார்ந்தார். மூணு இன்டேக்கில் இரண்டில் தகடு சரியா நுழைஞ்சுது. நடு வால்வில் 0.05 தகடுகூட நுழையலை. பிறகு சீட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற குழாயில் விரலை விட்டு எங்ககிட்ட காட்டினார். பவுடர் மாதிரி மண். விக்கிறவர் முகத்தைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. அவருக்கே அது தெரியாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதே இரவில் அது மேட்டுக்குப் போயிருந்தா? பின் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே செயின்தான். இன்ஜின் ஜாம் ஆனா பின் சக்கரமும் ஜாம், பின்னால் ஒருத்தர் முழு வேகத்தில் வந்துக்கிட்டு இருப்பார். அதனாலதான் பழைய பேன்ஷீ ஆட்கள் இடது கை விரலை கிளட்ச் மேலேயே வெச்சிருப்பாங்க. நீங்களும் வைங்க.

"அப்போ 450 மோசமான இன்ஜினா?"ன்னு மாமா கேட்டார். இல்லவே இல்லை! என்னைக் கேட்டா, அங்கே நின்ன எல்லாத்திலும் அறிவாளித்தனமான இன்ஜின் அதுதான். அதோட ஆயுளைக் கிலோமீட்டரில் கேட்காதீங்க, ரேஸ் பிள்ளைங்க மாதிரி மணிக்கணக்கில் கேளுங்க. ஆயில் இரண்டு லிட்டருக்கும் கம்மி, அதையே கிளட்சும் கியரும் பங்கு போடும், அடிக்கடி மாத்தணும். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் ஃபில்டரைக் கழுவணும். டேப்பெட்டைக் காதால் இல்லை, தகடு விட்டுப் பார்க்கணும். வருஷத்துக்கு மூணு வீக்எண்டு வர்ற ஐ.டி. மாமாவுக்கு இது செட் ஆகுமா? "ராப்டர் பாருங்க மாமா"ன்னேன்.

சும்மா சொல்லலை. டாக்கர் ராலியில் குவாட்களுக்குத் தனிப் பிரிவு வந்தது 2009-ல். அதிலிருந்து அந்தப் பிரிவை எடுத்துட்ட 2024 வரைக்கும், பதினாறு வருஷமும் ஜெயிச்சது யமஹாதான், அதுவும் இந்த ராப்டர் 700 ஜாதி. நாள் கணக்கில் பாலைவனத்தில் ஓடற போட்டியில், தினம் சாயங்காலம் உயிரோட வந்து சேர்றவன்தானே ஹீரோ! பெரிய சிசி, மெதுவான சுழற்சி, இரும்பு மனசு.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டுச்சு. மேட்டில் இப்போ பாதிக்கு மேல ஸ்டியரிங், சீட் பெல்ட், கூண்டு வெச்ச கார் மாதிரி வண்டிங்கதான். ஹோண்டா, சுஸுகி, கவாஸகி மூணும் 450 குவாடை நிறுத்தியாச்சு. அந்த நாலு பேரில் இன்னும் தயாரிக்கிறது யமஹா மட்டும். அந்த ஏறிக்கிட்டே போற சத்தம் நடுவில் ஒண்ணு ரெண்டு கேட்டா, வயசானவங்க பேச்சை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்க்கிறாங்க.

போறதா இருந்தா நவம்பருக்கு மேல போங்க. அனுமதிச் சீட்டை முன்னாடியே வாங்கிடுங்க. ஹெல்மெட், கண்ணாடி, முகத்துக்குத் துணி கட்டாயம். ரோட்டுக்கு வடக்கே இருக்கிற மணல்மேடு பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கே வண்டியே போகக்கூடாது. வாடகைக்கு எடுக்கிற வண்டியா இருந்தாலும், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சீட்டைத் தூக்கச் சொல்லி, ஃபில்டருக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்க. மண் ஒட்டினா, வேற வண்டி கேளுங்க.