ஆறு இன்ச் எனக்கு... ஆறு இன்ச் அப்பாவுக்கு!

"ஆறு இன்ச்சா, ஃபுட்லாங்கா?"

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கையுறை போட்டு நின்ற தம்பி கேட்டபோது, எனக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். நுங்கம்பாக்கம், மாலை ஆறு மணி. கழுத்தில் ஐ.டி கார்டு, காதில் இயர்போன். எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று முன்னாடியே தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

'ஹாலிவுட் படத்துல நீளமா ஒண்ணைக் கடிச்சுக்கிட்டே பேசுவாங்களே, அந்த இத்தாலியன் சப்பைச் சாப்பிட்டுட்டு எழுது.' இதுதான் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அன்று எனக்கு வந்த வேலை. திருவாலங்காட்டுக்காரிக்கு இது சுலபமா, சொல்லுங்கள்! எங்கள் வீட்டில் பிரெட் என்றால், காய்ச்சல் வந்தால் பாலில் தொட்டுச் சாப்பிடுவது.

"ஃபுட்லாங். ரெண்டா வெட்டி ஒரு பாதியைப் பார்சல் பண்ணிடுங்க" என்றேன். அந்தப் பாதி அப்பாவுக்கு.

அதற்குப் பிறகு வரிசையாகக் கேள்விகள். என்ன ரொட்டி? என்ன சீஸ்? டோஸ்ட் பண்ணவா? வெங்காயம், தக்காளி, லெட்யூஸ், ஆலிவ், ஹாலப்பீனோ? சாஸ்? டிப்ளமோ வைவாவில்கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. பதற்றத்தில் "எல்லாமே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். தம்பி லேசாகக் குனிந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில், "எல்லா சாஸும் போட்டா எதுவுமே தெரியாதுக்கா. இதுக்கு ஆலிவ் ஆயில், வினிகர், கொஞ்சம் ஓரிகானோ போதும்" என்றான். அந்த 'அக்கா'வுக்காகவே அவனுக்கு ஐந்து ஸ்டார்.

அசல் இத்தாலியன் சப்பில் ஹாம், சலாமி, காப்பிகோலா என்று பன்றி இறைச்சி வகைகள் அடுக்கடுக்காக இருக்கும். கூடவே ப்ரோவலோன் சீஸ். நான் சாப்பிட்டதில் எல்லாமே சிக்கன். முதல் கடியில் உப்பும் புளிப்பும்தான் தெரிந்தன. ஹாலப்பீனோ துண்டு பல்லில் பட்டால்தான் காரம். மூன்றாவது கடியில்தான் பிடிபட்டது. வினிகர் ரொட்டியில் இறங்கி, சலாமியின் கொழுப்பைத் திகட்டவிடாமல் செய்கிறது. தயிர்சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாய் செய்கிற அதே வேலை.

விலையை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கல் பிடித்தேன். எங்கள் ஊர் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஆவடி தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. கட்டுரைக்காக மொபைலில் சப்பின் பூர்வீகத்தைத் தேடினேன். நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி இருப்பதால் சப்மரின், சுருக்கமாக சப். பிலடெல்பியாவில் இதையே ஹோகி என்கிறார்கள், நியூயார்க்கில் ஹீரோ. 1965-ல் கனெக்டிகட் மாகாணத்தில் ஃப்ரெட் டிலூகா என்ற 17 வயதுப் பையன், குடும்ப நண்பர் பீட்டர் பக்கிடம் 1,000 டாலர் கடன் வாங்கித் திறந்த கடைதான் பின்னால் 'சப்வே' ஆகி, 2001-ல் டெல்லிக்கும் வந்தது.

அதற்கெல்லாம் முன்னால், 1900-களின் ஆரம்பத்தில், மெய்ன் மாகாணத்துப் போர்ட்லாண்டில் ஜோவானி அமாட்டோ என்ற இத்தாலியர் துறைமுகத் தொழிலாளிகளுக்கு ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாராம். அவர்கள் கேட்டதால் ரொட்டியைப் பிளந்து, உள்ளே இறைச்சி, சீஸ், காய் வைத்துக் கொடுத்தார் என்கிறார்கள். தட்டு வேண்டாம். உட்கார இடம் வேண்டாம். வேலை இடத்திலேயே கடித்துக்கொள்ளலாம்.

அந்த இடத்தில் மொபைலை மூடிவிட்டேன். திருவள்ளூருக்குப் பக்கத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது.

அப்பா அங்கே காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். 2014-ல் வலது கையில் பாதிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. நான் அப்போது ஒன்பதாவது. கையால் சாப்பிடுகிற வீட்டில் கட்டைவிரல் எவ்வளவு வேலை பார்க்கிறது என்று அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. சோற்றைப் பிசைந்து அள்ளுவது மற்ற விரல்கள். வாய்க்குள் தள்ளுவது கட்டைவிரல்தான்.

வீட்டில் ஸ்பூன். வெளியில் அவர் சாப்பிடுவதே இல்லை. கல்யாணத்துக்குப் போவார், மொய் எழுதுவார், பந்தி ஆரம்பிக்கும்போது 'ஒரு போன் வந்துச்சு' என்று மண்டப வாசலுக்குப் போய்விடுவார். "சாப்பிடாமப் போறாரே, எங்க மேல இன்னா கோவம்?" என்று சொந்தக்காரர்கள் அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள். இடது கையால் சாப்பிடச் சொன்னால், "பந்தியில பீச்சாங்கையா?" என்று முறைப்பார்.

வீட்டுக்குப் போனபோது மணி எட்டரை. கணவர் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்துக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்த காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த ஊர் எங்களுடையது. பார்சலைப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இன்னொரு பாதி எங்கடி?"

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா இது, கட்டை மாதிரி?" என்றபடி ஸ்பூனைத் தேடினார்.

"ஸ்பூன் வேணாம்ப்பா. ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கடிக்கணும். எல்லாருமே அப்படித்தான் சாப்பிடுறாங்க."

"எல்லாருமேவா?"

கடையில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். ஐ.டி கார்டு கூட்டம் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. அப்பா அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

பிறகு வலது கையின் மூன்று விரல்களை அடியில் கொடுத்து, இடது கையால் மேலே அழுத்திப் பிடித்து, ஒரு கடி. வினிகர் மணிக்கட்டில் வழிந்தது. துடைக்கவில்லை. அம்மா சட்டென்று எழுந்து, தண்ணீர் எடுக்கிற மாதிரி சமையலறைக்குப் போனார். சொம்பு தண்ணீரோடு அப்பாவின் பக்கத்திலேயே இருந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"ரொட்டி நல்லாருக்கு. உள்ள இருக்கிறதுதான் ஒண்ணும் சரியில்ல. வெறும் உப்பு." என் மொத்தக் கட்டுரையும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அரக்கோணத்தில் நீள பன் வாங்கிவந்து, பிளந்து, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு வைத்துக் கொடுத்தார். அமாட்டோ பார்த்திருந்தால் ரெசிப்பி கேட்டிருப்பார். அதைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அப்பா கேட்டார், "சனிக்கிழமை நானும் மெட்ராஸ் வரட்டா? அந்தக் கடையில உக்காந்து சாப்பிடலாம். ரெண்டு பேருக்கு எவ்ளோ ஆவும்?"

"இருநூறு ரூபாதான்ப்பா."

சனிக்கிழமை போகிறோம். விலைப்பட்டியல் கவுன்ட்டருக்கு மேலே இவ்வளவு பெரிய எழுத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதை எப்படி மறைப்பது என்றுதான் தெரியவில்லை.