குழலுக்கு வெந்நீர்

கீரப்பாளையத்தில் பவர் டில்லரும் டீசல் மோட்டாரும் பழுது பார்க்கும் அந்தப் பட்டறைக்கு நான் போனது வேறு காரியமாக. ரேஷன் மண்ணெண்ணெய் அருகிப்போன பிறகு மெக்கானிக்குகள் பிசுக்கு பிடித்த சாமான்களை எதில் கழுவுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

"கார்புரேட்டருக்குப் பெட்ரோல், மத்ததுக்கெல்லாம் டீசல்" என்றார் மெக்கானிக். தட்டில் ஊறிய பிஸ்டனை வெறுங்கையால் எடுத்தார். புறங்கைத் தோல் வறண்டு, சாம்பல் பூத்து, மடிப்புகளில் வெடித்திருந்தது. அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் பெட்ரோல் கொண்டுபோய்விடுகிறது. "ராத்திரி தேங்காண்ணெ தடவிக்கிட்டுதான் சார் படுக்கிறேன்."

துப்பாக்கி கழுவ யாராவது வருவார்களா என்று சும்மாதான் கேட்டேன். "லைசென்ஸ் இல்லாம அதுல கை வெச்சா நான் உள்ள போவணும். ஒரு பெரியவரு இருக்காரு, அவரே கழுவிக்குவாரு. அதுவும் வெறும் தண்ணியில."

இரும்பைத் தண்ணீரிலா? வண்டியைத் திருப்பினேன்.

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டிலிருந்து வரும் வெள்ளாற்று ராஜன் வாய்க்கால் பாயும் வயல்களைத் தாண்டி அவர் வீடு. அப்பா காலத்திலேயே பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி. வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகை. முந்தின இரவு பன்றிகளை விரட்ட ரவை போடாமல் வெறும் மருந்தில் இரண்டு வேட்டு போட்டிருந்தார். கொல்லையில் அடுப்பு மூட்டி அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"செத்த இரு தம்பி" என்று கஜக்கோலைக் குழலுக்குள் மெல்ல விட்டார். அடியில் 'டங்'கென்று இரும்போசை. கோலில் அரத்தால் ஒரு கோடு கீறியிருந்தது. அது குழல் வாயோடு சரியாக நின்றது. உள்ளே மருந்து கிடந்தால் கோடு மேலே ஏறி நிற்குமாம். எத்தனை வருடமானாலும், தன் கையால் சுட்டதே ஆனாலும், இதைப் பார்க்காமல் கழுவ உட்கார மாட்டார்.

கட்டையிலிருந்து குழலைப் பிரித்தார். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு உட்காரும் சின்ன மூக்கைக் கழற்றினார். அடிப்பக்கத்தை வாளி வெந்நீரில் நிறுத்தி, கோலின் நுனியில் துணி சுற்றி, மேலும் கீழும் இழுத்தார். பீச்சாங்குழல் மாதிரி மூக்கு இருந்த துளை வழியே தண்ணீர் ஏறி இறங்கியது. முதல் தண்ணீர் மையாகக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இரண்டாவது சாம்பல் நிறம். மூன்றாவது தெளிந்தது. கடைசியில் புனல் வைத்துக் கொதிநீரை மேலிருந்து ஊற்றினார். கோணிச் சாக்கால் பிடித்திருந்த குழல் அந்தச் சூட்டிலேயே ஆவி விட்டுக் காய்ந்தது.

"எங்கப்பாவுக்கு இத சொல்லிக் குடுத்தது ஒரு நரிக்குறவரு" என்றார்.

சூட்சுமம் எளியதுதான். கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடமான கசடாகத் தங்கிவிடும். அதில் பெரும்பங்கு பொட்டாசியம் உப்புகள். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கக்கூடியவை. உப்பு பெட்ரோலில் கரையாது, தண்ணீரில் கரையும். பெட்ரோலில் துடைத்த குழல் பளபளக்கும், உப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் நானே சூடுபட்டவன். கல்லூரி என்.சி.சி.யில் .303 துப்பாக்கி சுட்டதும் குழலில் கொதிநீர் ஊற்றி, பிறகு நாலுக்கு இரண்டு அங்குலத் துணித் துண்டைக் கயிற்றில் கோத்து இழுக்க வேண்டும். அந்தக் காலத் தோட்டாவின் கேப்பும் பொட்டாசியம் உப்பைக் கக்கும், அதற்குத்தான் வெந்நீர். அடுப்பு மூட்டச் சோம்பி, பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு துடைத்தோம். அன்று தலைவலி, வாரம் கழித்துச் செந்துரு. ஹவில்தார் சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் போட முடியாது.

தலைவலியோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே உள்ள குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்குப் பெட்ரோல் ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து எங்கோ இருக்கும் அடுப்பைத் தேடிப் போகும். புற்றுநோய் தரும் பென்சீனும் அதில் உண்டு. தின்னரோ கட்டையின் மெருகையும் சேர்த்துக் கரைத்துவிடும். புகையில்லா மருந்து சுடும் இக்காலத் துப்பாக்கிகளின் கசடு வேறு. வெந்நீர் மட்டும் போதாது. அதற்கென்றே விற்கும் கரைப்பான்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஹாப்பீஸ் 9 என்பது 1903 முதல் இருப்பது. அதன் வாசனைக்கென்றே ரசிகர்கள் உண்டு. எதுவானாலும் திறந்த வெளி, கையுறை, நெருப்பு இல்லாத இடம். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடச் சாது. ஆனால் அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் நம் வழக்கம் எத்தனை குழந்தைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது! அப்படிக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பெரியவர் குழலுக்குள் தையல் மிஷின் எண்ணெய் நனைத்த துணியை ஓட்டினார். நல்லெண்ணெய் ஆகாதா என்றேன். "நாளாவ நாளாவ பிசினாயிடும் தம்பி. இதையும் சுடறதுக்கு முன்னாடி சுத்தமா தொடச்சிடணும். இல்லன்னா மருந்துக் கரியோட சேர்ந்து தாராப் புடிச்சிக்கும்."

அவருடைய மனத்தாங்கல் தேர்தல். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். 2024இல் கொடுத்து, வோட்டு எண்ணி முடித்த பிறகு திரும்பி வந்தபோது குழல் வாயில் செம்மண் பூசினது போல் இருந்ததாம். "அங்க யாரு எண்ண போடுவா? நாமதான் கெட்டியா போட்டுக் குடுத்திருக்கணும்." சட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, வாங்கி வைப்பவர்கள் ஆளுக்கு ஒரு பழைய துணியாவது கேட்டு வாங்கிச் சுற்றி வைக்கலாம்.

கறுத்த தண்ணீரை வாய்க்காலில் விடாமல் எருக்குழிக்கு அப்பால் குழி வெட்டிக் கொட்டினார். ரவை போட்டுச் சுட்ட நாளாக இருந்தால் ஈயமும் அதில் இருக்கும். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்ட பிறகுதான் டீ டம்ளரைத் தொட்டார்.

"நாளைக்கு ஒரு வெள்ளத் துணி வுட்டுப் பாக்கணும். செவப்பு வந்தா மறுபடியும் வெந்நிதான்."

மறுநாள் போன் செய்தேன். பாட்டியம்மா எடுத்தார்கள். "கொல்லையில அடுப்பு ஊதிக்கிட்டு இருக்காரு, அப்புறமா பேசு" என்றார்கள்.