மயில் கழுத்துக் கல்

மலாஞ்ச்கண்ட்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படம் வந்தது. மயில் கழுத்துப் பட்டு மாதிரி நீலமும் ஊதாவும் பச்சையுமாக மினுங்குகிறது. போர்னைட் என்னும் செம்புத் தாது என்று கடைக்காரர் சொன்னதும் நீ வாங்கிவிட்டதில் வியப்பில்லை. எனக்கென்னவோ சந்தேகம்தான். அந்தப் பெயரில் கடைகளில் விற்பதில் நிறைய, அமிலத்தில் முக்கி நிறமேற்றிய கால்கோபைரைட் என்ற இன்னொரு செம்புத் தாது.

படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பேனாக்கத்தியை எடு. கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையை இலேசாகச் சுரண்டு. மினுமினுப்பெல்லாம் மேல்படலம்தான். உள்ளே செம்மையும் பழுப்பும் கலந்த வெண்கல நிறம் தெரிந்தால் போர்னைட். சில நாளில் அந்த இடத்திலும் தானாக ஊதா ஏறும். பித்தளை மஞ்சள் தெரிந்தால் கால்கோபைரைட். கத்தி வழுக்கிக்கொண்டு போய், கீறலே விழவில்லையென்றால் பைரைட்டாக இருக்கலாம். அதில் தங்கமும் இல்லை, செம்பும் இல்லை!

இன்னொரு சோதனை: பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத விளிம்பு இருக்குமே, அதில் கல்லைத் தேய். போர்னைட் சாம்பல் கலந்த கறுப்பாகக் கோடு போடும், கால்கோபைரைட் பச்சை கலந்த கறுப்பாக. வெயில் வெளிச்சத்தில் பார். டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தூளை ஊதாதே, கையைக் கழுவு.

கால்கோபைரைட் என்று தெரிந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. போர்னைட்டில் எடைக்கு 63 சதவீதம் செம்பு, இதில் சுமார் 35 தான். ஆனால் உலகத்துச் செம்பில் பெரும்பங்கைத் தருவது இதுதான். இங்கே எங்கள் செம்புச் சுரங்கத்திலும் வெள்ளைக் குவார்ட்ஸுக்குள் மஞ்சளாக ஓடுவது இதுவே.

கடைக்காரரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது, எந்தச் சுரங்கத்துக் கல் என்று. தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லோடு வை. போர்னைட் பெரும்பாலும் உருவமில்லாத கட்டியாகவே கிடைக்கும், படிகம் அபூர்வம். இங்கிலாந்தின் கார்ன்வாலில், கார்ன் பிரே சுரங்கத்தில் கிடைத்த படிகங்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். அந்த ஊர்ச் சீட்டு தொலைந்தால் விலையில் பாதி போச்சு.

தீபாவளிக்கு வரும்போது, அனுமதி கிடைத்தால், இங்கிருந்து சீட்டோடு ஒரு துண்டு கொண்டுவருகிறேன். அதுவரை உன் கல்லை அலமாரியில் பூட்டி வை. உன் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதற்கும் புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்.

அன்புடன்,
சித்தப்பா