ராகலையில் ஒரு புத்தகப் பெட்டி

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குச் செல்லும் பாதை அவசரக்காரர்களுக்கு உரியதன்று. ஒரு பக்கத்தில் லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் படிப்படியாக விளைந்திருக்கின்றன. மறுபக்கத்திலே தேயிலைச் செடிகள் மலைச்சரிவை முழுவதுமாகப் போர்த்தியிருக்கின்றன. பஸ் வளைந்து வளைந்து ஏறுகையில், இம்மலையில் ஒரு காலத்தில் புகைவண்டியும் ஓடியது என்பதை எண்ணி வியந்தேன். நானுஓயாவில் புறப்பட்டு ராகலை வரை சென்ற அந்தக் குறுகிய இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டு நிறைவு பெற்றது; 1940களில் மூடப்பட்டது. அரிசியை மேலே கொணர்ந்து தேயிலையைக் கீழே கொண்டு சென்ற வண்டி அது. புத்தகங்களும் அதிலே வந்திருக்குமோ என்னும் வினாவுக்கு, அன்று மாலையே விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என்னிடம் கல்வி கற்ற ஒரு மாணவியின் வீட்டுக்கே நான் சென்றிருந்தேன். ராகலைப் பட்டினத்துக்கு அப்பால், ஒரு தோட்டத்து லயத்திலே அவர்களுடைய காம்பரா இருந்தது. இஸ்தோப்பில் அமர்ந்து இஞ்சி போட்ட தேத்தண்ணீர் அருந்திக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மலைநாட்டு மழை விருந்தினரை எளிதில் விடை கொடுத்து அனுப்பாது. "சேர், தாத்தாவின் பெட்டியைப் பார்க்கிறீர்களா?" என்று மாணவி கேட்டாள்.

அது பழைய தேயிலைப் பெட்டி. ஈரம் புகாமல் தேயிலையைக் காப்பதற்காக உள்ளே உலோகத்தாள் ஒட்டப்பட்ட பலகைப் பெட்டி. கடல் கடந்து செல்லும் தேயிலைக்காகச் செய்த அக்காப்பு, இங்கே மூன்று தலைமுறையின் புத்தகங்களைக் காத்து நின்றது.

மேலே கிடந்தது பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. மாணவியின் பூட்டனார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இராப் பள்ளிக்கூடத்தில் எழுத்தறிந்தவர். இரவு வேளைகளில் அவர் உரக்கப் படிக்க, லயமே கூடியிருந்து கேட்குமாம். அதன் கீழே ஒரு பஞ்சாங்கம், ஒரு கைவைத்திய நூல், அம்புலிமாமா இதழ்கள். அவற்றை அடுத்து, தொ. மு. சி. ரகுநாதனின் தமிழாக்கத்தில் மாக்சிம் கோர்க்கியின் "தாய்". அதனோடு ஒட்டியபடி, பெரெல்மனின் "பொழுதுபோக்குப் பௌதிகம்". வேதாளத்தையும் விஞ்ஞானத்தையும் அருகருகே வைத்திருந்த அந்த வாசகரை நான் மனத்துள் வணங்கினேன். எதைப் படிக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் பட்டியல் கொடுக்கவில்லை. அறியும் ஆவலே அவருக்கு வழிகாட்டியாய் இருந்தது.

பெட்டியின் நடுப்பகுதியில் மலையகத்தின் சொந்தக் குரல் இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983ஆம் ஆண்டு வெளிவந்த "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" அங்கே கிடந்தது. சி. வி. 1947ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கையின் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அடுத்த ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், அவரை அனுப்பிய மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அம்மக்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் அழிய விடாது ஏட்டில் ஏற்றியவர் அவர். அருகிலே என். எஸ். எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து", தெளிவத்தை ஜோசப்பின் "காலங்கள் சாவதில்லை". பின்னது 1974ஆம் ஆண்டு வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. தமிழகத்து இதழ்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில், உள்நாட்டு நூல்கள் தோட்டத்து லயங்கள் வரை வந்து சேர்ந்தன.

இவையெல்லாவற்றிற்கும் முன்னோடியான நூல் ஒன்றைப் பற்றி மாணவிக்கு அப்போது சொன்னேன். ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பொருளாகக் கொண்டு பாடிய "கோப்பிக் கிருஷிக் கும்மி" 1869ஆம் ஆண்டு அச்சேறியது. அதே ஆண்டிலேதான் இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோயும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பாட்டுப் பிறந்தபோதே பயிருக்கு முடிவு தொடங்கிவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. அந்தக் கும்மி மட்டும் அக்காலத்துக்குச் சாட்சியாய் நிற்கிறது.

பெட்டியின் அடியில் அட்டையும் முதற்பக்கமும் இழந்த ஒரு மெல்லிய பாட்டுப் புத்தகம் இருந்தது. தொழிலாளர் துயரைப் பாடும் பாட்டுகள் அவை. ஒரு கூட்டத்திலே தம் தந்தையார் காசு கொடுத்து வாங்கியது என்று பெரியவர் சொன்னார். கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைத் தட்டியெழுப்பிய காலம் என் நினைவுக்கு வந்தது. மீனாட்சி அம்மை கூட்டங்களிலே தாமே பாடுவார். பாட்டுகளைச் சிறு நூல்களாகவும் வெளியிட்டார். இதுவும் அக்காலத்து அச்சாக இருக்கலாமோ? என் கைகள் நடுங்கின.

உண்மையை மறைப்பானேன்? அந்நூலை எடுத்துச் சென்றுவிட வேண்டும் என்ற ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. "ஐயா, இங்கே ஈரமும் பூச்சியும் இதனைத் தின்றுவிடும். பெரிய நூலகம் ஒன்றிலே வைத்தால் பாதுகாப்பாக இருக்கும்" என்றேன்.

பெரியவர் சிறிது நேரம் மழையையே பார்த்திருந்தார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. யாழ்ப்பாணத்துல பெரிய நூலகந்தான் இருந்துச்சு. அதக் காப்பாத்த முடிஞ்சுதா? கலவரத்தப்ப இந்தப் பொட்டிய தேயிலைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு நாங்க காட்டுல படுத்துக் கெடந்தோம். அன்னைக்கே போகல. இது எங்க புள்ளைங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தீக்கிரையான ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி வகுப்பிலே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தப் பேரழிவிலிருந்து ஓர் எளிய தொழிலாளி கற்றுக்கொண்ட பாடத்தை நான் கற்கவில்லை. என் வாதத்திலும் உண்மை இருந்தது, ஈரம் பொல்லாததுதான். ஆனால் நூலைக் காப்பது என்பது அதனை அதற்குரிய மக்களிடமிருந்து பிரிப்பதாகிவிடக் கூடாது.

வழி காட்டியவள் மாணவியே. "நூல் இங்கேயே இருக்கட்டும் சேர், படம் உலகத்துக்குப் போகட்டும்" என்றாள். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேமித்து, யாவரும் விலையின்றிப் படிக்கத் தருகிறது என்பதை அவள் அறிந்திருந்தாள். அத்தகைய இடத்துக்கு அனுப்பலாம் என்று சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது. சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்ட, பேத்தி கைத்தொலைபேசியாற் படம் எடுத்தாள். எண்ணிப் பார்த்தால் 32 பக்கங்கள். அவ்வளவையும் எடுத்து முடிப்பதற்குள் மழை ஓய்ந்துவிட்டது.

புறப்படும்போது பெரியவர் நூலைப் பழைய வேட்டித் துண்டிலே சுற்றி, இரண்டு வேப்பிலைகளையும் வைத்து, முன்பிருந்த இடத்திலேயே வைத்தார். நான் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். மனம் மட்டும் நிறைந்திருந்தது.

மாணவர்களே, அரிய நூல்கள் பெரிய நகரங்களில் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டியின் தகரப் பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று இந்த விடுமுறையிலே பாருங்கள். பழைய தாள் வாங்குபவரும் கறையானும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, அதன் கதையைச் சொல்லக்கூடிய பெரியவரையும் அருகிலே அமர்த்திக்கொள்ளுங்கள்.