கரண்டு

எங்கள் பக்கத்தில் கதிரியக்க சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை. கரண்டு வைப்பது என்பார்கள். 'முப்பது கரண்டு வெச்சாங்க' என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. கண்ணுக்குத் தெரியாமல் உடம்புக்குள் இறங்கிப் பொசுக்குகிற ஒன்றுக்கு ஜனங்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்.

'உனக்காகத்தான் அவ கரண்டு வேணாம்னுட்டா.' நான் ஆயாவிடம் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. அம்மா மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவள். நான் வயிற்றில் இருக்கும்போது மார்பில் கட்டி. 1974 நவம்பரில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்தார்கள். 1975 பிப்ரவரியில் நான் பிறந்தேன். 1979இல் அவள் இறந்தாள். இந்த மூன்று தேதிகளையும் ஆயாவின் வாக்கியம் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. கயிற்றின் நுனி என் கையில் இருந்தது.

இருபத்திரண்டு வயதில் இதைக் கவிதையாக எழுதினேன். உப்பு, கண்ணீர், பால் எல்லாம் அதில் இருந்தன. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பழமையும் கைகொடுத்தது. நெய்தலுக்கு இரங்கல் என்று இலக்கணமே எழுதி வைத்திருக்கும்போது எனக்கு வேலை மிச்சம். இந்த வட்டத்தில் சிலர் அதைப் பாராட்டியது நினைவிருக்கிறது. அந்தக் கவிதை பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயா இறந்தபின் டிரங்குப் பெட்டியில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் அம்மா கரண்டு மறுத்ததாக ஒரு வரியும் இல்லை. அறுவை முடிந்தது, பிரசவத்துக்குப்பின் கதிர்சிகிச்சைக்கு வரவும் என்றிருக்கிறது. சம்மதம் என்ற இடத்தில் அப்பாவின் கைநாட்டு. அவளுடைய கையெழுத்தோ ரேகையோ இல்லை. அதாவது, வேண்டாம் என்று சொல்ல அவளை யாரும் கேட்கவே இல்லை. காத்திருப்பது என்பது வைத்தியர்களின் முடிவு.

அந்த முடிவு சரியானதுதான். கருவில் கதிர் பட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானவை ஹிரோஷிமாவும் நாகசாகியும். 1945இல் அங்கே கர்ப்பத்திலிருந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எட்டிலிருந்து பதினைந்து வாரக் கருவாக இருந்தபோது கதிர்பட்டவர்களிடம்தான் சிறுத்த தலையும் மனவளர்ச்சிக் குறையும் அதிகம் தெரிந்தன. மூளை கட்டப்படுகிற வாரங்கள் அவை. கருவுக்கு 0.1 கிரே வரை பெரிய ஊனம் நேர்வதில்லை என்பது இன்றைய கணக்கு. மார்புப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த அளவு 50 கிரே. மார்புக்குக் கொடுப்பது முழுதும் வயிற்றுக்குப் போவதில்லை. சிதறி வருவது சிறு பங்கு, ஈயத்தால் மறைத்து இன்னும் குறைக்கலாம். ஆனால் மாதம் ஏற ஏறக் கருப்பை மேலே வருகிறது. வளர்கிற குழந்தை, வளர்வதாலேயே, கதிரை நெருங்குகிறது. ஆகவே மார்புக் கட்டியானால் முதலில் கத்தி, பிரசவத்துக்குப் பிறகு கதிர் என்பது பெரும்பாலும் நடைமுறை. கருப்பைவாய்ப் புற்று வேறு கதை. அங்கே குழந்தை கதிரின் பாதையிலேயே படுத்திருக்கிறது. தாய்க்கு வைத்தியம் தொடங்கினால் கரு பிழைக்காது. அம்மாவுக்கு வந்தது அது அல்ல. அவள் முன் அந்தப் பயங்கரமான தராசு வைக்கப்படவே இல்லை. தராசை வைத்தது நான், கவிதைக்காக.

பிரசவத்துக்குப்பின் அவள் ஏன் போகவில்லை? பதிலும் ஆயா சொன்னதுதான், வேறொரு கதையில். 'அந்தக் கோடையிலே கொட்டாயில ஏணை கட்டி உன்னைப் போட்டுட்டு உங்கம்மா உப்பு வாரினா. மீந்த ஒத்த மார்லதான் உனக்குப் பால்.' இரண்டு கதைகளையும் நூறு முறை கேட்டிருக்கிறேன். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்ததில்லை.

மழை நின்று, தை மாசி வாக்கில் பாத்திகளைச் செப்பனிட்டு நீர் பாய்ச்சினால் எங்கள் ஊரில் கூலி தொடங்குகிறது. ஐப்பசி மழை வந்தால் முடிகிறது. மழை மாதங்களில் வாங்கித் தின்ற முன்பணத்தை வெயில் மாதங்களில் கழிக்கவேண்டும். கரண்டு வைப்பதென்றால் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் சென்னையில் தங்கவேண்டும். உப்பு விளைகிற காலத்தில் அது எப்படி முடியும்? கட்டியை எடுத்தது நவம்பரில். அளம் தண்ணீரில் கிடந்த மாதம். கரண்டுக்கு அவள் போனது 1975 அக்டோபரில், மறுபடி மழை. சீட்டின் பின்பக்கத்தில் அந்தத் தேதி இருக்கிறது. எங்கள் ஊரில் வைத்தியத்துக்கும் பருவம் உண்டு. எட்டு மாதத்தைத் தின்றது நான் அல்ல, உப்பு. உரிய காலத்தில் வைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அம்மா போனது அங்கே அல்ல. கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது. வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும், புருஷன் கையெழுத்து வேண்டாம் என்கிறது. மருத்துவமனையும் சட்டமும் கைக்கெட்டும் காலத்தில்தான் அவள் வாழ்ந்தாள். இரண்டுக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது ஒரு முன்பணம். அதைப் பற்றி என் கவிதையில் ஒரு சொல் கிடையாது.

ஆயா ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போது புரிகிறது. முன்பணத்துக்காக மகளை விட்டோம் என்பதைவிடப் பேரனுக்காக அவள் விட்டுக்கொடுத்தாள் என்பது சகிக்கக்கூடியது. தியாகம் என்ற சொல் வந்ததும் கணக்குக் கேட்பது நின்றுவிடுகிறது. ஆயா அதைத் துக்கத்தில் செய்தாள். நான் அதையே அழகாகச் செய்தேன். படித்தவன் செய்த காரியம் என்பதால் என்னுடையதுதான் பெரிய குற்றம்.

இதனால் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது, கூடவே ஒரு நஷ்டமும். என்னைத் தேர்ந்தெடுத்து ஒருத்தி செத்தாள் என்பதில், குற்ற உணர்ச்சிக்கு அடியில், ஒரு கர்வம் இருந்திருக்கிறது. அது போய்விட்டது. மிச்சமிருப்பவள், வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்து, கைகளைக் கழுவிக்கொண்டு ஏணையிலிருந்து என்னைத் தூக்கியவள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அதை எழுதமாட்டேன்.