நடிப்புப் படிக்கப் போகிறவளின் அம்மாவுக்கு

கிள்ளான்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வந்திருக்கும் உன் மகள் குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், போனை மட்டும் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். நீ கேட்டதற்கெல்லாம் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா பக்கத்தில் இருந்தால் நீ பாதி பேசுவாய், நான் பாதி சொல்வேன். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மாமாவிடமும் கொடு. ஒளிக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் அவள் அஸ்வாராவில் நாடக டிப்ளோமாவுக்கு மனுப் போடட்டும். கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைக்கு முயற்சி செய்யட்டும். தனியார் கல்லூரி கடைசி வழியாக இருக்கட்டும். இனி காரணங்கள்.

அஸ்வாரா கோலாலம்பூரில் ஜாலான் துன் இஸ்மாயிலில் இருக்கிறது. 1994-இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கி, 2006-இல் இந்தப் பெயருக்கு மாறியது. மற்ற பல்கலைக்கழகங்களைப் போல உயர்கல்வி அமைச்சின் கீழ் இல்லை; கலை, பண்பாட்டு அமைச்சின் கீழ் இருக்கிறது. நாடகம், நடனம், இசை, சினிமா, எழுத்து எல்லாம் ஒரே வளாகத்தில். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை நேராக டிப்ளோமாவில் சேரலாம் என்பதுதான் நமக்கு முக்கியம்.

நானும் குட்டியும் அங்கே போன நேரம் ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கதவோரம் நின்று பார்த்தோம். வசனம் கிடையாது, அழுகை கிடையாது. வெறுங்காலோடு பிள்ளைகள் கறுப்புத் தரையில் நடக்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் மோதக் கூடாது, கை தட்டினால் அத்தனை பேரும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு பையன் ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டான், மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம் ஒருத்தி சிரித்துவிட்டாள்; மறுபடியும் முதலிலிருந்து. எனக்குக் கால் கடுத்துவிட்டது. குட்டியைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். போன் கைப்பையில் கிடந்தது. அக்கா, நான் மனம் மாறியது அங்கேதான்.

மாமா என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். 'சிவாஜி எந்தக் காலேஜில் படித்தார்?' சிவாஜி படித்தார் என்று சொல். சின்னப் பையனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே தங்கி, கிடைத்த வேஷமெல்லாம் போட்டு, திட்டும் அடியும் வாங்கித்தான் வளர்ந்தார். 'பராசக்தி' 1952-இல்தான் வந்தது. அதற்கு முன் எத்தனை வருடம் மேடையிலே கழிந்தது என்று மாமாவே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அந்த மாதிரி பாய்ஸ் கம்பெனி இன்றைக்கு இல்லை. அந்தப் பயிற்சி வேண்டும் என்றால் இப்படி ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த கேள்வி, 'மலாய்க் கூத்து ஆடவா பிள்ளையை அனுப்புவது?' அங்கே பங்சாவான், மக் யோங், வாயாங் கூலிட் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பங்சாவான் எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்தது. 1885-இல் பினாங்கில் பங்சாவான் குழு கட்டியவர் மாமாக் பூஷி. அதே பார்சி நாடகத்தின் பாதிப்பு தமிழ்நாட்டுக் கம்பெனி நாடகங்களிலும் உண்டு. கிளந்தான் நிழற்கூத்தான வாயாங் கூலிட்டில் ஓடுவது ராமன் கதை. மலாய் நடிகர் பி. ரம்லியை 1950-இல் 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் நம் இயக்குநர் எல். கிருஷ்ணன். இதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சொத்து என்று நாம் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் மொழியில் இருக்கிறது. பயிற்சி, பரீட்சை, நாடகம் எல்லாம் பெரும்பாலும் மலாயில்தான். குட்டியின் மலாய் பரீட்சைக்குப் போதும், மேடைக்குப் போதாது. ஒரு மலாய் வசனத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அர்த்தம் புரிகிறது, ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. மனுப் போட்டால் மட்டும் இடம் கிடைக்காது. நேர்முகமும் நடிப்புத் தேர்வும் உண்டு. முடிவு வரும்வரை அவள் தினமும் மலாய்ச் செய்தியை உரக்கப் படிக்கட்டும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் உட்கார்ந்து கதை பேசட்டும். இதை நீ பார்த்துக்கொள்.

மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவது சுலபம், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் யுனிவர்சிட்டி ஸ்டேஷன். அங்கே முன்பு பண்பாட்டு மையமாக இருந்ததுதான் இப்போது படைப்புக் கலைப் புலம். நாடகத்தில் பட்டம் தருகிறார்கள். இந்திய ஆய்வியல் துறையும் அதே வளாகத்தில் இருப்பது எனக்குப் பிடித்தது. தமிழை விட்டுப் போய்விடுவாளோ என்ற உன் பயத்துக்கு அது ஆறுதல். ஆனால் எஸ்.பி.எம்.மை மட்டும் வைத்துக்கொண்டு பட்டப் படிப்பில் நுழைய முடியாது. எஸ்.டி.பி.எம். வேண்டும், மூயட் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். அதற்கு மூன்று தவணை ஆறாம் படிவம். அந்தக் காலத்தில் அவள் உன் கண் முன்னாலேயே இருப்பாள் என்பது ஒரு வசதி.

ஷா ஆலமில் புஞ்சாக் பெர்டானாவில் யு.ஐ.டி.எம்.மின் சினிமா, நாடக வளாகம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அதுதான் பக்கம். இளங்கலைப் படிப்புகள் அங்கே பூமிபுத்ராக்களுக்கு மட்டும் என்பதால் நாங்கள் போகவில்லை. குட்டி ஏன் என்று கேட்டாள், சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

தனியாரில் சன்வே, டெய்லர்ஸ் போன்ற இடங்களில் நிகழ்கலை படிப்பு உண்டு. ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் மூன்று வருடக் கட்டணத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். ஒரு கல்லூரியில் (பேர் வேண்டாம்) மேடையைக் காட்டுங்கள் என்றேன். ஆலோசகர் பெண் முதலில் தள்ளுபடிப் பட்டியலைக் காட்டினாள், பிறகு காபி கொடுத்தாள், பிறகு இந்த வாரமே முன்பதிவு செய்தால் எவ்வளவு குறையும் என்றாள். மேடை பூட்டியிருக்கிறதாம். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

செந்தூலில் கே.எல்.பேக் என்ற நாடக மையத்துக்கும் கூட்டிப் போனேன். பல்கலைக்கழகம் அல்ல. பழைய ரயில்வே பட்டறைக் கட்டடத்தை மாற்றி 2005-இல் திறந்தது. தொடங்கியவர்கள் ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹாஷமும். இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. முழுப் படிப்பில் சேருவதற்கு முன் ஆசை எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க நல்ல இடம்.

இனி பிழைப்பு. பொய் சொல்ல மாட்டேன். நாடகம் மட்டும் ஆடிச் சம்பாதித்தவர்கள் இந்த நாட்டில் குறைவு. கிருஷன் ஜித் எத்தனை நாடகம் இயக்கினார்! ஆனால் பல வருடம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் நாடகமாக எழுதிய கே.எஸ். மணியமும் அங்கே ஆசிரியராக இருந்தவர்தான். குட்டிக்கும் இன்னொரு வேலை தேவைப்படும். பள்ளிகளில் நாடகம் சொல்லிக் கொடுக்கலாம், ஆர்.டி.எம்., ஆஸ்ட்ரோவில் பின்னணி வேலை, குரல் கொடுக்கும் வேலை பார்க்கலாம். தமிழ்ப் படம் இங்கே பெரிய பிழைப்பு இல்லைதான். இருந்தாலும் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. இதையெல்லாம் அவளிடமே சொன்னேன். 'அப்போ ரெண்டு வேலை செய்றேன் சித்தி' என்றாள். செய்வாளா என்று பார்ப்போம்.

இரவு ஒத்திகைதான் உன் பெரிய கவலை. எனக்கும் அதேதான். கடைசி ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்கு வர விட மாட்டேன். விடுதி கிடைத்தால் விடுதி. இல்லாவிட்டால் பிரிக்பீல்ட்ஸில் சின்ன அத்தை வீடு. அத்தையிடம் பேசிவிட்டேன்; பின் அறையைக் காலி செய்து தருகிறேன் என்றார்கள். பக்கத்திலேயே ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். விட்டுப்போன பரதத்தை அங்கே தொடரலாம். படிப்புச் செலவுக்கு பி.டி.பி.டி.என். கடன் உண்டா என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும். மேற்செலவில் ஒரு பங்கை நாங்கள் ஏற்கிறோம். என் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அக்கா. மாமாவுக்குத் தெரியாமல் மனுப் போட வேண்டாம். முன்பு நம் வீட்டில் இப்படி மறைத்துச் செய்த காரியங்கள் எதுவும் நன்றாக முடியவில்லை. மாமா கோபப்படட்டும், இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும், பரவாயில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் நான் கூட்டிப் போக மாட்டேன். மாமாதான் பஸ் ஏறி வந்து, பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் பாதி பாடம் அன்றைக்கே முடிந்தது. வரச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை